உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் சாவு வீட்டில் அழலாமா?

சகோதரி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடக்கத்தன்று நீங்கள் வாய்விட்டு அழுதபோது சபையார் சிலர், "அம்மா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க, நீ இப்படி அழுதா அது அவிசுவாசம்மா" என்று உங்களை அடக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது. அழுதது தப்பா? அம்மா ஏற்கெனவே பரலோகத்தில் இருக்கிறார் என்றால் கடைசி நாளில் உயிர்த்தெழுதல் எதற்கு? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், தனக்கு ஒன்று ஆகிவிட்டால் எரித்துவிடச் சொல்லியிருக்கிறாரே, அது விசுவாசத்துக்கு விரோதமா? இவைதான் நீங்கள் கேட்டவை.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அழுதது தப்பே இல்லை. உங்களை அடக்கியவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அவர்கள் சொன்னது வேதாகமத்தின் போதனை அல்ல. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்குச் சாவை நல்லது என்று சொல்லிச் சமாளிக்க வேண்டிய அவசியமே கிடையாது. அது கொடுமை, தேவன் ஒழித்துக்கட்டப்போகிற கொடுமை என்று தைரியமாகச் சொல்லலாம். நான் எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான்.

யோவான் 11-ஐ நம் அடக்க ஆராதனைகளில் வாசிக்கிறோம். பெரும்பாலும் 25-ஆம் வசனத்தில், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிற இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பத்து வசனம் தள்ளித்தான் "இயேசு கண்ணீர் விட்டார்" வருகிறது. நடப்பதை வரிசையாகப் பாருங்கள். செத்துப்போன நண்பன் லாசருவை எழுப்பப்போவது அவருக்குத் தெரியும். கிளம்பும்போதே சீஷர்களிடம் சொல்லியாயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு கல்லறையை விட்டு வெளியே வரப்போகிறான். அப்படியிருந்தும், லாசருவின் சகோதரி மரியாள் அழுவதையும் கூட வந்தவர்கள் அழுவதையும் பார்த்து, ஆவியிலே கலங்கித் துயரமடைந்து, தாமும் அழுகிறார். "எழுப்பத்தானே வந்திருக்கிறேன், எதற்கு அழுகை" என்று அவர் மரியாளைக் கேட்கவில்லை. கல்லறையின் கல்லை எடுத்துப்போடச் சொன்னதும் இன்னொரு சகோதரி மார்த்தாள் தடுக்கிறாள்: நாலு நாளாயிற்று, நாறுமே. சாவு ஒரு உடம்பை என்ன செய்யும் என்பதைச் சுவிசேஷம் மூடி மறைக்கவில்லை. அப்படிப்பட்ட சாவை எதிர்கொள்ளப் போகும் வழியில்தான் ஜீவாதிபதி அழுதார். உயிர்த்தெழுதலைப் பற்றி அவரைவிட நிச்சயம் உள்ளவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நிச்சயம் இருந்தால் கண்ணீர் வராது என்கிற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

மகனைப் பறிகொடுத்த நாயீன் ஊர் விதவையைப் பார்த்து "அழாதே" என்று அவரே சொன்னாரே என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னார், உண்மைதான். சொன்ன கையோடு கிட்டவந்து பாடையைத் தொட்டார், மகனை எழுப்பினார், அவனைத் தாயிடம் ஒப்புவித்தார். மகளைப் பறிகொடுத்த யவீருவின் வீட்டிலும் அப்படியே. பறிபோன பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தவர் சொல்கிற "அழாதே" அது. நம்மால் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. நமக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை ரோமர் 12-இல் இருக்கிறது: "அழுகிறவர்களுடனே அழுங்கள்."

அப்போஸ்தலன் பவுலிடம் வருவோம். "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்பது பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம். மரண அறிவிப்புகளிலும் கல்லறைக் கற்களிலும் நாம் அதிகமாகப் போடுகிற வசனங்களில் ஒன்று. ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற ஒருவர் வருகிறார். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைப் பவுலிடம் கொண்டுவந்தவர். வந்த இடத்தில் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தார், பிறகு பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றிப் பவுல் எழுதுவது என்ன? தேவன் அவனுக்கு இரங்கினார், அவனுக்கு மட்டுமல்ல, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்." சாவு ஆதாயம் என்று எழுதிய அதே கை, அந்த நண்பர் செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றும் எழுதுகிறது. தன் சாவைக் குறித்து அவர் அமைதியாக இருந்தார். பிறர் சாவைக் குறித்து அப்படி இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நம் பிரசங்கங்களில் யாரும் எடுத்துச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை; சொல்லியிருந்தால் உங்களைப் போன்ற எத்தனையோ பேர் இந்தப் பாரத்தைச் சுமக்காமல் இருந்திருப்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், கல்லெறியப்பட்ட ஸ்தேவான் வானம் திறந்திருக்கக் கண்டு, கொலைகாரர்களுக்காக ஜெபித்துச் சாகிறான். அவனைவிட மகிமையான சாவு எது? அடுத்த அதிகாரமே சொல்கிறது, தேவபக்தியுள்ள மனுஷர் அவனை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள். தேவபக்தியுள்ளவர்கள்தான் அப்படிச் செய்தார்கள்.

உங்களிடம் யாராவது 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டியிருப்பார்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" இருக்கக் கூடாது என்கிறது அது. ஏறக்குறைய கி.பி. 50-இல் எழுதிய நிருபம் அது. நம்மிடம் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அவ்வளவு ஆரம்பத்திலேயே சபையில் சாவு விழுந்து, கர்த்தர் வருவதற்குள் செத்துப்போனவர்களின் கதி என்ன என்று அங்கிருந்தவர்கள் கலங்கியிருக்கிறார்கள். பவுல் அவர்களைத் துக்கிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கிக்கிற மாதிரித் துக்கிக்க வேண்டாம் என்கிறார். அது எந்த மாதிரி என்பதற்கு ரோமர்களின் கல்லறைகளே சாட்சி. "நான் இல்லாதிருந்தேன், இருந்தேன், இல்லை, கவலையும் இல்லை" என்கிற ஒரு வாசகம் அவர்களிடம் அத்தனை சகஜமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் கல்லில் வெட்டினாலே போவோர் வருவோருக்குப் புரிந்துவிடும். அந்தத் துக்கத்துக்கு முன்னால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. உங்கள் துக்கம் அப்படிப்பட்டது அல்ல.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "அழாதே" என்கிற குரல் சபைக்கு வெளியே இருந்து வந்ததல்ல. கி.பி. 250-களில் கொள்ளைநோய் பரவியபோது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான், நம்மவர்கள் அங்கே வெள்ளை அங்கி தரித்திருக்கும்போது நாம் இங்கே கறுப்பு உடுத்தக் கூடாது என்று போதித்தார். நகரமே பிணமாகக் குவிந்த நேரம். ஜனங்கள் பயத்தில் உடைந்துபோகாமல் தாங்கிப்பிடிக்க அப்படிப் பேசினார் என்று எனக்குத் தோன்றுகிறது. சில வருஷம் கழித்து, 258-இல், அவரே விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார். அவர் பேச்சை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஒரு சட்டமாக மாறினால் என்ன ஆகும் என்பதை அதே ஆப்பிரிக்க மண்ணின் இன்னொரு மகனிடம் பார்க்கலாம்.

கி.பி. 387. ரோமாபுரிக்கு அருகே ஒஸ்தியா துறைமுகம். அகுஸ்தீன் தன் தாய் மோனிக்காளோடு ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருக்கிறார். தாய்க்குக் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் உயிர் பிரிகிறது. அவளுக்கு வயது 56, மகனுக்கு 33. அவர் அவள் கண்களை மூடுகிறார். கண்ணீர் பொங்கி வருகிறது. மனதை இறுக்கி உள்ளே தள்ளுகிறார். அவளுடைய பேரன், இன்னும் பையன், கதறிவிடுகிறான்; சுற்றி நின்றவர்கள் அவனை அடக்குகிறார்கள். இப்படிப்பட்ட சாவுக்கு ஓலம் போடுவது பொருந்தாது என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவர் சங்கீதம் பாட ஆரம்பிக்கிறார், எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்வரை மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குளித்தால் மனபாரம் போகும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்க்கிறார், போகவில்லை. தூங்கி எழுந்து, தனியாக, தேவனுக்கு முன்னால் மட்டும், கடைசியில் அழுகிறார். தாய்க்காக ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் அழுததைக்கூட யாரும் பரிகசிக்க வேண்டாம் என்று வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறார். இதை எல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார். சபையின் மாபெரும் போதகர்களில் ஒருவர், தாய் செத்ததற்கு அழுததற்காகச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையனை யாரும் அடக்கியிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உங்களையும்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இது சாதாரணக் கேள்வி அல்ல. நம் சபைகளில் உயிர்த்தெழுதலை விசுவாசப்பிரமாணத்தில் வாய் சொல்கிறது, ஆனால் மனசில் இருப்பது வேறு. உடம்பு ஒரு கூடு, ஆத்துமா பறவை, கூட்டை விட்டுப் பறந்து போய்விட்டது, அதோடு கதை முடிந்தது என்றுதான் அடக்க வீட்டில் பேசுகிறோம். வள்ளுவர்கூட நிலையாமை அதிகாரத்தில் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைக் கூட்டைத் தனியே விட்டுப் பறந்துபோகும் பறவையோடுதான் ஒப்பிட்டார். அழகான, உண்மையான கவனிப்பு. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை அந்த இடத்தில் முடிவதில்லை. ஆத்துமா அழியாது என்பதை அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தார் பலர் சுலபமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தத்துவ ஞானிகளில் சிலர் அதைத்தான் சொல்லிவந்தார்கள். பவுல் அங்கே மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினதும்தான் சிலர் இகழ்ந்தார்கள். மண்ணுக்குப் போன உடம்பு திரும்ப வரும் என்பதுதான் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

கொரிந்து சபைக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1 கொரிந்தியர் 15 அதற்காகத்தான் எழுதப்பட்டது. கிறிஸ்து எழுந்தார் என்பதை நம்பினார்கள். நாமும் சரீரத்தோடு எழுந்திருப்போம் என்பதைச் சிலர் மறுத்தார்கள். பவுல் சாட்சிகளை வரிசையாகச் சொல்கிறார்: கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், பிறகு ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரர். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், சிலர் மட்டும் நித்திரையடைந்தார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். உயிர்த்த கர்த்தரைக் கண்ணால் கண்டவர்களும் செத்தார்கள். அதை அவர் மறைக்கவில்லை, அதற்காக அவர் விசுவாசம் ஆட்டம் காணவும் இல்லை. ஏனென்றால் கிறிஸ்து "முதற்பலன்". அறுவடையில் முதல் கதிர் ஆலயத்துக்கு வந்துவிட்டது. மிச்சம் இன்னும் வயலில் இருக்கிறது.

இந்த அதிகாரத்தின் 26-ஆம் வசனத்தைப் பாருங்கள்: "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." சாவை அவர் நண்பன் என்றோ, இயற்கையின் ஏற்பாடு என்றோ, பரலோகத்துக்கு வாசல் என்றோ இங்கே சொல்லவில்லை, சத்துரு என்கிறார். கிறிஸ்து எழுந்த அன்றே அந்தச் சத்துருவுக்குத் தோல்வி உறுதியாகிவிட்டது. ஆனால் அது இன்னும் ஒழிக்கப்படவில்லை. குழி ஓரத்தில் நின்று "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்று நாம் வாசிக்கிறோம் அல்லவா? அதற்கு ஒரு வசனம் முன்னால் பவுல் காலத்தைக் குறித்துச் சொல்லியிருக்கிறார். அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும்போது அந்த வார்த்தை நிறைவேறும் என்கிறார். அந்த நாள் இன்னும் வரவில்லை. நாம் அதை முன்கூட்டியே பாடுகிறோம். பாடும்போது தொண்டை அடைத்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை, கூர் இன்னும் குத்துகிறது.

அப்படியானால் உங்கள் அம்மா இப்போது எங்கே? கிறிஸ்துவோடு. இதில் சந்தேகம் வேண்டாம். சிலுவையில் தொங்கின கள்ளனிடம் "இன்றைக்கு" என்றார் ஆண்டவர். பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருப்பது அதிக நன்மை என்றார் பவுல். இந்த இடைக்காலத்தைப் பற்றிச் சபைகளுக்குள் வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி, அதாவது பரலோகம் சேருமுன் ஆத்துமா தூய்மையாகிற நிலையைப் பற்றிப் பேசுவார்கள். ஏழாம் நாள் அட்வெந்து சபையார் மரித்தவர்கள் உயிர்த்தெழும்வரை உணர்வின்றி நித்திரையில் இருக்கிறார்கள் என்பார்கள். அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரம். இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே, தேவ சமுகத்திலேயே இருக்கிறார்கள். இருந்தும் "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்பட்டு, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்லப்படுகிறது. அதாவது பரலோகத்தில் இருக்கிறவர்களும் காத்திருக்கிறார்கள். அம்மா சமாதானமாக இருக்கிறார். ஆனால் தேவன் அவருக்குச் செய்ய நினைத்திருப்பது முழுவதும் இன்னும் செய்து முடியவில்லை. ரோமர் 8 அதைச் "சரீர மீட்பு" என்கிறது. நீங்கள் இங்கேயும் அவர் அங்கேயும் ஒரே நாளுக்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

அம்மாவை அடையாளம் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த இடத்தில் எல்லார் மனசிலும் வருகிற கேள்வி அது. நமக்கு இருக்கும் ஒரே முன்மாதிரி, உயிர்த்த கிறிஸ்துதான். லாசரு பிரேதச்சீலை சுற்றியபடியே வெளியே வந்தான்; அவனுக்கு அது மறுபடியும் தேவைப்படும், அவன் திரும்பவும் சாகப்போகிறவன். கர்த்தர் தம் சீலைகளைக் கல்லறையிலேயே போட்டுவிட்டு வந்தார். பூட்டிய கதவுக்குள் வந்து நின்றார். அதே சமயம் பொரித்த மீனை வாங்கிச் சீஷர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார். தோமாவுக்குக் காட்ட ஆணித் தழும்பு அந்தக் கைகளில் இருந்தது. மகிமையான சரீரத்தில் பழைய வாழ்க்கையின் அடையாளம் அழிக்கப்படவில்லை. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். இதற்குமேல் ஊகித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இது எனக்குப் போதும்.

மூன்றாவது, எரிப்பது. கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் பட்டணத்தில் கிறிஸ்தவர்களை வதைத்துக் கொன்றார்கள். பிறகு உடல்களைப் பல நாள் வெளியே போட்டுவைத்து, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். உயிர்த்தெழுவோம் என்கிற இவர்களுடைய நம்பிக்கை இல்லாமல் போகட்டும், இவர்கள் எப்படி எழுந்து வருகிறார்கள் பார்க்கலாம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். உயிர்பிழைத்த சபையார் உடல்களை அடக்கம் செய்ய முடியவில்லையே என்று வேதனைப்பட்டார்கள், ஆனால் உயிர்த்தெழுதல் கெட்டுப்போனது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இந்தச் செய்தியில் இரண்டு பக்கமும் இருக்கிறது. சமுத்திரமே தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்கிற வேதத்துக்குச் சாம்பல் ஒரு தடை அல்ல. அதனால் அண்ணனின் விருப்பம் அவருடைய இரட்சிப்பைப் பாதிக்காது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தடையைத் தளர்த்தியது. 2016-இல், அஸ்தியைத் தூவிவிடாமல் கல்லறைத் தோட்டம் போன்ற பரிசுத்தமான இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நகரங்களில் கல்லறைக்கு இடமில்லாமல் பழைய குடும்பக் குழியையே திறக்கிற நிலைமையும் நமக்குத் தெரியும்.

ஆனால் எப்படிச் செய்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்ப காலம் முதல் கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்வதையே விரும்பினார்கள். உடம்பை வேண்டாத பொருளாகப் பார்க்கவில்லை. சபையை வெறுத்த ஜூலியன் என்ற ரோமப் பேரரசரே, இவர்கள் மதம் இப்படி வளர்ந்ததற்கு மரித்தவர்களின் கல்லறைகளை இவர்கள் பராமரிக்கும் விதமும் ஒரு காரணம் என்று எழுதினார். உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, சேலை கட்டி, பெட்டியில் வைத்தீர்களே, அதுவும் அந்த விசுவாசத்தின் செயல்தான். ஞானஸ்நானம் பெற்ற உடம்பு, நற்கருணை வாங்கிய உடம்பு. அண்ணன் எரிக்கவே விரும்பினாலும், அதே மரியாதையோடு, ஜெபத்தோடு, அஸ்தியை ஒரு பெயரெழுதிய இடத்தில் வைக்கிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். இதற்காகக் குடும்பத்தில் சண்டை வேண்டாம்.

வருஷ நினைவு ஆராதனைக்கு என்ன வாசிப்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 1 கொரிந்தியர் 15-ஐ வாசியுங்கள். 57-இல் நிறுத்தாமல் 58-ஐயும் சேர்த்து. இவ்வளவு பெரிய வாதத்தை முடித்துவிட்டுப் பவுல் இறங்குகிற இடம், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்பது. உங்கள் அம்மா வருஷக்கணக்காக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். சரீரத்தில் செய்த அந்த வேலை சரீரத்தோடு புதைந்து போகவில்லை என்பதுதான் அந்த வசனம். அவரிடம் படித்தவர்கள் யாராவது இரண்டு பேரை வரவழைத்துப் பேசச் சொல்லுங்கள். யோப்பாவில் தொற்காள் செத்தபோது விதவைகள் அதைத்தான் செய்தார்கள்: அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டி அழுதார்கள். பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீங்களும் பேச ஆயரிடம் பத்து நிமிஷம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அழுகை வந்தால் நிறுத்தி, அழுதுவிட்டு, மிச்சத்தைச் சொல்லுங்கள். யாராவது அடக்க வந்தால் யோவான் 11:35-ஐ எடுத்துக் கையில் கொடுங்கள்.